எண்ணெய் மூடியில் சாம்பல் நிறம்

அறுபது தாண்டிய பிறகுதான் அம்மா கார் ஓடப் பழகினார். லைசென்ஸ் கிடைத்த கிழமையே ஒரு பழைய காரை வாங்கி, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். காலிக்குப் போகிற பெரிய வீதியில் பஸ்காரன் ஹோர்ன் அடித்தால் அவரும் திருப்பி அடிப்பார். பக்கத்தில் இருக்கிற எனக்குத்தான் உயிர் போய்வரும்.

அந்தக் காருக்கு ஒரு புதன்கிழமை பாமன்கடை கராஜில் சாவுநாள் குறித்தார்கள். மெக்கானிக் எஞ்சின் ஒயில் மூடியைத் திறந்து காட்டினார். உட்பக்கம் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று என்னவோ அப்பியிருந்தது. ஒயிலில் தண்ணீர் கலக்கிறது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார். அந்தச் செலவுக்கு விற்பதே மேல் என்று அண்ணா ஞாயிற்றுக்கிழமைக்கே வாங்குகிற ஆளை வரச்சொல்லிவிட்டான். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

"ஊரான்ர ஒயில் எல்லாம் லாப்பில சோதிக்கிறாய். இதையும் ஒருக்காப் பாரன் பிள்ளை."

என் வேலையே அதுதான். லொறி, பஸ், ஜெனரேட்டர்களில் ஓடிய ஒயிலைச் சோதித்து, எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லுவேன். ஆனால் அம்மாவின் ஒயிலைக் கையில் எடுத்தபோது பயமாக இருந்தது.

முதலில் சூடான தட்டில் ஒரு துளி விட்டேன். தண்ணீர் இருந்தால் கடுகு தாளித்தமாதிரி வெடிக்கும். காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமுமில்லை! துள்ளிக் குதிக்காத குறைதான்.

அடுத்து உலோகம் பார்க்கிற மெசின். பொட்டாசியமும் சிலிக்கனும் எகிறிக் கிடந்தன. பொட்டாசியம் ஏறினால் ரேடியேட்டர்த் தண்ணீரைச் சந்தேகிப்போம், சிலிக்கன் ஏறினால் மண்தூசியை. தண்ணீரோ இல்லை. தூசி போயிருந்தால் எஞ்சின் தேய்ந்து இரும்பும் ஏறியிருக்க வேண்டும். இரும்போ சமர்த்தாக இருந்த இடத்திலேயே இருந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வேலைக்கு இறங்கிவந்தால், அம்மா முழுகிய தலையோடு பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். கையில் ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் விபூதி. எஞ்சினுக்கு மூன்று குறி இழுத்தார். பிறகு ஒயில் மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு சிட்டிகை போட்டார்.

"அம்மா! என்ன செய்யிறியள்?"

"ஒவ்வொரு வெள்ளியும் போடுறனான். வெளியில பூசினால் மட்டும் காணுமே? வேலை நடக்கிறது உள்ளுக்கல்லோ."

விபூதி சாணச் சாம்பல்தானே, அதில் இரண்டும் இருக்கும்! என் பொட்டாசியம், என் சிலிக்கன், மெக்கானிக் கண்ட பிசுபிசுப்பு, எல்லாம் அம்மாவின் கையில் இருந்தது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. செக்கியூரிட்டிக்காரர் "மொகத நோனா?" என்று, என்ன விஷயமெனச் சிங்களத்தில் கேட்டபடி ஓடிவந்தார். நான் அம்மாவின் கையைக் காட்டினேன்.

சனிக்கிழமை ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மூடியைத் துடைத்து, ஓர் ஓட்டம் விட்டு மறுபடி சோதித்தேன். எல்லாம் சுத்தம். ஞாயிறு வந்த ஆளுக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிறகு கார்ச் சாவியையும் விபூதியையும் எடுத்தார்.

"காருக்குள்ள இனிப் போடமாட்டன்," என்று சொல்லி, கையில் இருந்த விபூதி முழுவதையும் என் நெற்றியில் அப்பினார். "என்னோட வாற உனக்குத்தான் காவல் வேணும். ஏறு."