இடப்பக்கத்து மாமியார்

பழைய தொலைக்காட்சித் தொடர்களை அகலத் திரைக்கு ஏற்றபடி வெட்டிக் கொடுப்பது என் வேலை. அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். இன்றைய டிவியை அது நிரப்ப வேண்டுமானால் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டியாக வேண்டும். தலைப்பூ போகும், கால் கொலுசு போகும். கே.கே. நகர் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து இதைச் செய்வேன். முடிந்த பகுதியைக் கீழே ஹாலில் அம்மா போட்டுப் பார்ப்பார். அப்போது என் கையில் இருந்தது ஒரு மாமியார் மருமகள் தொடர்.

ஒரு மத்தியானம் அம்மா கீழேயிருந்து கூப்பிட்டார். "ஏன்டா, மாமியாரை எங்க தூக்கின? மருமக தனியாப் பேசிக்கிட்டு இருக்கா."

எனக்குச் சுர்ரென்றது. திரையின் இடப்பக்கம் மாமியார் நின்றுகொண்டுதான் இருந்தாள். "நல்லாப் பாரும்மா" என்றேன். தலையை லேசாகத் திருப்பினார். "ஆமா, இப்ப வந்துட்டா."

என் வேலையைக் குறை சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறதென்று கிண்டலடித்தேன். மறுநாளும் அதே புகார். அதற்கு மறுநாளும். தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியல் தொடாமல் கிடந்தது. "பீன்ஸ் பிடிக்கலையா?" என்றால், "எங்க வச்ச?" என்றார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். வயசாகிவிட்டது, கவனம் போதவில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். என்னவோ சரியில்லை என்று மனதில் பட்டது. பட்டதைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போனேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

ஒரு வாரம் போனது. இந்தத் தொல்லையை முடித்துவிடலாம் என்று வெட்டாத பழைய படத்தையே போட்டுக் காட்டினேன். இருபுறமும் கறுப்புப் பட்டை, நடுவில் முழுப் படம். "இதுல நான் கையே வைக்கலை. இப்ப சொல்லு."

"இதுலயும் இல்லடா." அம்மாவின் குரலில் பயம் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் வெட்டுவது மேலும் கீழும்தான், பக்கவாட்டில் கை வைப்பதே இல்லை. தினமும் செய்கிற வேலை, தெரியாமலா இருந்தது? அவருடைய இடப்பக்கம் போய் நின்று கையை ஆட்டினேன். டிவியைப் பார்த்துக்கொண்டே, "எங்கடா போயிட்ட?" என்றார் அம்மா.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போயிருந்தது. இனித் திரும்புவது கடினம் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "அம்மா முன்னாடியே ஏதாவது சொன்னாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "இல்லைங்க டாக்டர். நான் யார்கிட்டயும் சொல்லலை."