சாமி அறைக் கம்ப்யூட்டர்

என் அண்ணன் மாதவராஜ், கடத்தூரைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் இணைப்பு போட்டுக் கொடுத்தும் பழுது பார்த்தும் பிழைத்தவர். போன தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார். எதையும் லேசில் நம்பமாட்டார். டீக்கடை வைஃபையில் அவர் போன் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

"இப்படி எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படிண்ணா?" என்று கேட்டால், "மனுசங்களை இல்ல பாப்பா, பொட்டிங்களை" என்பார்.

ஊரில் நவநீதன் என்பவர் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். அங்கே ஒரு பெண்ணின் தைராய்டு ரிப்போர்ட், அவள் அப்பா வாங்கிப் போகும் முன்பே மாப்பிள்ளை வீட்டார் போனுக்குப் போய்விட்டது. நிச்சயம் நின்றது. அப்பா வந்து எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். ரிப்போர்ட் தட்டச்சு செய்வது கோகிலவாணி மட்டும்தான். நவநீதன் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள எதெதைக் காப்பி பண்ணியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க மாதவராஜ். போலீசுக்குப் போகோணும்."

"மொதல்ல லைன்ல என்னென்ன இருக்குன்னு பாக்கறனுங்க."

அண்ணன் தன் லேப்டாப்பைச் செருகி, இணைப்பில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாகத் தேடினார். மேசைக் கம்ப்யூட்டர்கள், பிரிண்டர், கேமராப் பெட்டி எல்லாம் பதில் சொல்லின. அவற்றுக்கு மேல் இன்னொன்றும் பதில் சொன்னது. அதில் கோப்புகளை அனுப்பவும் எடுக்கவும் உதவும் எஃப்.டி.பி. சேவை ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. உள்ளே எல்லோருடைய ரிப்போர்ட்டும் கிடந்தது.

"இன்னொரு கம்ப்யூட்டர் எங்கீங்க இருக்குது?"

"வேற ஏதுங்க? இருக்கறது இவ்வளவுதான்."

அண்ணன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது மாடி ஏறி, நவநீதன் வீட்டுச் சாமி அறையில் போய் முடிந்தது. படங்களுக்குக் கீழே, சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி, மல்லிகைச் சரத்துக்குள் தன் சிறு விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. நிலையம் தொடங்கியபோது வாங்கிய முதல் கம்ப்யூட்டர். அது வந்த ராசியில்தான் தொழில் பிடித்தது என்று நவநீதனின் மனைவி பானுமதி அதை அணைக்க விட்டதில்லை. தர்மபுரி டாக்டருக்கு ரிப்போர்ட் அனுப்ப எப்போதோ செய்த ஏற்பாடு அதில் அப்படியே இருந்தது. கீழே தட்டச்சாகும் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் நகலும் சாமி அறைக்கு வந்துகொண்டிருந்தது.

காத்திருப்பவர்களுக்கான வைஃபையும் இதே இணைப்புதான். அதன் பாஸ்வேர்டு சுவரில் ஒட்டியிருந்தது. அண்ணன் நவநீதனின் போனிலேயே திறந்து காட்டினார்.

"இது உங்க சுகர் ரிப்போர்ட்டுங்களா?"

நவநீதன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "அப்பவும் அந்தப் புள்ள எடுத்திருக்கலாமில்ல?"

"எடுத்திருக்கலாமுங்க. நீங்களும் எடுத்திருக்கலாம். நானும் எடுத்திருக்கலாம்."

எந்தக் கோப்பு எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பழைய பெட்டி பதிந்து வைத்திருந்தது. தைராய்டு ரிப்போர்ட்டை எடுத்தது வைஃபையில் சேர்ந்திருந்த ஒரு போன். யாருடையது என்று தெரியவில்லை. தேதியையும் நேரத்தையும் கேட்ட பானுமதிதான் சொன்னார்:

"அன்னிக்கு மத்தியானம் அந்தப் புள்ள உங்ககூடத்தான பாலக்கோடு மெடிக்கல் கேம்ப்ல இருந்துச்சு?"

நவநீதன் கீழே இறங்கி வந்து, காத்திருந்தவர்களை ஒவ்வொருவராக முறைத்துப் பார்த்தார்.

அண்ணன் அந்தச் சேவையை நிறுத்தப் போனார். பானுமதி பதறினார். "ஐயோ, பொட்டியை ஆஃப் பண்ணிராதீங்க!"

"சாமி அப்படியே இருக்கட்டுங்கக்கா. கதவை மட்டும் சாத்தறேன்."

டாக்டருக்கு அனுப்ப, பாஸ்வேர்டு உள்ள பாதுகாப்பான வழியொன்றைக் கீழே வேறு கம்ப்யூட்டரில் அமைத்தார். வைஃபையைத் தனியாகப் பிரித்தார்.

நவநீதன் கோகிலவாணிக்குப் போன் போட்டார். "நாளைக்கு வேலைக்கு வந்துரும்மா."

"வர்றனுங்க சார். நான் எடுக்கலைன்னு மொதல்ல அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

அவர் போனை மேசையில் வைத்தார். "அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீங்க கெளம்புங்க மாதவராஜ்."

அண்ணன் பையை எடுக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேசிருங்க சார். நான் இருக்கறேன்."

நவநீதன் அவரையே பார்த்தார். பிறகு அந்த அப்பாவின் நம்பரைத் தேடத் தொடங்கினார்.