தாழிக்கு ஊற்றிய தண்ணீர்

யுத்த காலத்தில் புதுக்கோட்டையில் எனக்குப் ‘பானை ஓவர்சியர்’ என்று பெயர். கடைவீதிக்குப் பின்தெருவில் நான் சாக்கடை வெட்டிக்கொண்டிருந்தபோது ஆள் உயரத் தாழி ஒன்று கிடைத்தது. உள்ளே எலும்பும் மண்ணும். பழங்காலத்தில் செத்தவர்களை இப்படித்தான் புதைத்தார்கள் என்றார் மியூசியத்து அதிகாரி. வழக்கமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இதை எடுக்க மனம் வரவில்லை.

“இருந்த எடத்துலயே இருக்கட்டும். நம்ம காலுக்குக் கீழ என்ன கெடக்குன்னு ஊர் பாக்கட்டும்” என்றார்.

குழியைச் சுற்றிச் சுவர், மேலே தகரக் கூரை, கம்பிக் கதவு. சாக்கடையை வளைத்துக் கொண்டுபோனேன். சாவியை என்னிடம் தந்துவிட்டு அவர் குளத்தூர்ப் பக்கம் முகாம் கிளம்பினார். “தாழி பூராம் விரிசல். உள்ள இருக்கிற மண்ணு காஞ்சு பிடிச்சிருக்கு, அதனாலதான் நிக்குது. தண்ணி பட்டாப் போச்சு.”

எனக்கு அதன்மேல் கிறுக்கே பிடித்துவிட்டது. குழிக்குள் எச்சில் துப்பியவனை ஒருநாள் அடிக்கவே போனேன்.

ஆடி அமாவாசையன்று காலையில் எதிர்வீட்டு அக்கா செம்போடு வந்து நின்றார். அவர் புருஷன் ரங்கூன் மரக்கடைக்கு வேலைக்குப் போனவர். அங்கே குண்டு விழுந்த பிறகு கடிதம் இல்லை. அக்கா தாலியைக் கழற்றவுமில்லை, திதி கொடுக்கவுமில்லை.

“கதவைத் தெறங்க தம்பி. ஒரு வாய்த் தண்ணி ஊத்திட்டுப் போறேன்.”

“உள்ள இருக்கிறது யாருன்னே தெரியாதேக்கா.”

“தெரியாதுதான். எங்க வீட்டுக்காரவுக எந்த மண்ணுல கெடக்காகளோ. அங்கிட்டு ஒருத்தி அவுகளுக்கு ஊத்த வேணாமா? இங்க கெடக்கிறவருக்கு நான் ஊத்துறேன்.”

அதிகாரி சொன்னதை எடுத்துச் சொன்னேன். அக்கா வாதாடவில்லை. வெயிலில் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? திறந்தேன்.

திரும்பிப் பார்த்தால் தெருவே செம்போடு நிற்கிறது. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆளைத் தொலைக்காத வீடு இல்லை. ஒருத்திக்குத் திறந்த கதவை அடுத்தவளுக்கு எந்த முகத்தோடு சாத்துவது? ஊருக்கெல்லாம் அதட்டல் போட்ட நான், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மரமாய் நின்றேன். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்ப் பூப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

உச்சிப்பொழுதில் தாழி இரண்டாகப் பிளந்தது. ஈர மண் சரிந்து எலும்புகளை மூடியது.

திரும்பி வந்த அதிகாரியிடம், “மழைத் தண்ணி எறங்கிருச்சு சார்” என்றேன். அந்த ஆடியில் ஒரு தூறல்கூட இல்லை. அவர் கூரையைப் பார்த்தார், சேற்றில் கிடந்த பூக்களைப் பார்த்தார்.

“மூடிருங்க” என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழியைத் தூர்க்கும்போது அக்கா வந்தார். “என்னாலதான போச்சு தம்பி?”

ஆமாம் என்ற சொல் நாக்கு வரை வந்தது. அவ்வளவு ஆத்திரம் எனக்கு. அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது.

“மழைதான்க்கா” என்றேன்.

அக்கா ஒருமுறை வானத்தைப் பார்த்தார். “ஆமா, மழைதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.