வெக்கேஷன் என்ற சொல்லின் வேர்

பள்ளி நூலகத்தில் இருந்த தடித்த ஆங்கில அகராதியை ஒரு மத்தியானம் புரட்டியபோதுதான் தெரிந்தது, 'வெக்கேஷன்' என்ற சொல்லின் லத்தீன் வேர் 'வகாரே' என்று. காலியாக இருத்தல் என்று பொருள். வேக்கன்சியும் வேக்குவமும் அதே குடும்பம்தான். ஆங்கில டீச்சரான எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் இராஜாக்கமங்கலம் பக்கத்தில் வெக்கேஷன் என்றால் கல்ஃபில் இருக்கும் ஆள் ஊருக்கு வரும் ஒரு மாதம். வீடு நிறையும் மாதம்.

சாப்பாட்டு வேளையில் வழக்கம்போலக் கல்ஃபிலிருந்து போனில் கூப்பிட்ட கணவரிடம் இதைச் சொன்னேன். "அந்த லத்தீன்காரன நம்ம வீட்டுக்கு ஒருக்க வந்து பாக்கச் சொல்லு பிள்ளே," என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். அவர் வந்து இறங்கியதும் மச்சான்மார், அத்தைமார், கூடப் படித்தவர்கள் என்று முன்னறை நிரம்பிவிடும். சோப்பும் தைலமும் பேரீச்சம்பழமும் பங்கு போகும். நான் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டு, இந்தக் கூட்டம் எப்போது கலையும் என்று எரிச்சலோடு நிற்பேன். கூட்டம் கலையும்போது அவருக்கும் விமானம் வந்துவிடும். விருந்தாளி இல்லாத ஒரு சாதாரண நாள் அவரோடு வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

கடைசியில் ஒரேயடியாக வந்துவிட்டார். பெட்டி காலியானதும் கூட்டமும் நின்றது. நான் கேட்ட நாட்கள் கிடைத்தன, பேசத்தான் வரவில்லை. வருஷக்கணக்காகப் போனிலேயே குடும்பம் நடத்தியவர்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் கூச்சம். அவர் முன்னறையில் பேப்பர் படிப்பார், நான் அடுக்களையில் இருப்பேன். அவர் கல்ஃபில் இருந்த காலத்தைவிட அந்த வாரங்களில்தான் நான் தனியாக இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் போன் அடித்தது. அவர்தான், முன்னறையிலிருந்து.

"சோறு தின்னியா பிள்ளே?"

"இல்ல. ரசம் கொதிக்கட்டும்னு நிக்கேன்."

பிறகு பேச்சு தானாக வந்தது. என் வகுப்பின் வால் பையன்கள், அவருடைய முழங்கால் வலி, அங்கே அவரோடு தங்கியிருந்த மலையாளியின் குறட்டை. நடுவில் ஒரு சுவர் இருந்தது, அதனால் சிரிக்கவும் முடிந்தது. முடிக்கும்போது, பழக்கதோஷத்தில், எப்போதும் கேட்பதையே கேட்டுவிட்டேன். "நீங்க எப்ப வருவிய?"

"இன்னா வாறேன்," என்றார். அடுக்களை வாசலில் வந்து நின்றார், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு மழைக்காலம்தான் கிடைத்தது. நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது. இப்போது மத்தியானம் சோறு போடுவதற்கு முன் நான் அவருடைய எண்ணைக் கூப்பிடுகிறேன். முன்னறை அலமாரியின் மேல் அவர் போன் அடிக்கிறது. தினமும் அதற்குச் சார்ஜ் போட்டு வைப்பதும் நான்தான். அடித்து ஓயும்வரை அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.