கரண்டியம்மாவும் எங்கள் அண்ணியும்

எங்கள் அண்ணிக்குப் பொறாமை ரத்தத்திலேயே ஊறியது. அண்ணன் முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துப் பேசிவிட்டு வந்தால்கூட மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வீட்டில் தையல் மிஷின் போட்டு ஊரார் சட்டையெல்லாம் பிடித்தும் தளர்த்தியும் தருகிறவள். அண்ணன் சட்டைக்கு வெளியாள் ஒரு பொத்தான் தைத்துக் கொடுத்தால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும். எனக்கும் அவள்மேல் பொறாமை உண்டு, மறைப்பானேன். அவள் வருவதற்கு முன்னால் அண்ணனுக்குச் சமைத்துப் போட்டது தங்கச்சி நான்தான்.

அண்ணன் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன். ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் அவன்தான் ராஜா. அவனுக்குச் சர்க்கரை நோய் வந்து, போன பரிசோதனையில் அளவு எகிறிவிட்டது. ஆலை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "மூணு மாசம் டைம். மாத்திரை மட்டும் போதாது, சாப்பாட்டையும் சரி பண்ணுங்க. குறையலைன்னா உங்களக் கூண்டுல ஏத்த மாட்டேன். மேல உங்களுக்குத் தலை சுத்துச்சுன்னா கீழ நிக்கிறவங்க கதி என்ன?" கிரேனை விட்டு இறக்கினால் வாசலில் காவல் வேலைதான். அதற்குச் செத்துப் போகலாம் என்றான் அண்ணன்.

அண்ணி அன்றைக்கே சர்க்கரையை வீட்டை விட்டு விரட்டினாள். காப்பியில் இல்லை, பாலில் இல்லை. ஆனால் தட்டில் சோறு மலையாகக் குவிந்தது, பக்கத்தில் உருளைக்கிழங்கு வேறு. நாக்கில் இனித்தால்தான் சர்க்கரை என்பது அவள் கணக்கு.

"சோறும் கிழங்கும் உள்ள போய்ச் சர்க்கரையாத்தான் மாறும் அண்ணி" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"உங்க அண்ணன் பட்டினி கிடக்கணுமா? நீ சமைச்சப்ப எலும்பும் தோலுமாத்தானே இருந்தாரு?" என்றாள்.

கடைசியில் அளவை இறக்கியது ஆலைக் கேன்டீனில் பரிமாறும் கரண்டியம்மா. நானும் அதே ஆலையில் சீருடை ஸ்டோரில் இருப்பதால் கண்ணாலேயே பார்த்தேன். அண்ணன் தட்டை நீட்டினால் முதலில் பாதித் தட்டுக்குக் கோஸும் பீன்ஸும் விழும். அது காலியானால் பயறும் முட்டையும். கடைசியில்தான் கொஞ்சம் சோறு. உருளைக்கிழங்கு கேட்டால், "அப்ப சோறு கிடையாது. ரெண்டுல ஒண்ணுதான், எது வேணும் சொல்லு" என்பாள். அத்தனை பேர் முன்னாலும் அதட்டுவாள். எங்கள் அண்ணன் பூனைக்குட்டி மாதிரி நிற்பான்.

விரலில் குத்திப் பார்க்கும்போதெல்லாம் அளவு குறைந்துகொண்டே வந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, "எல்லாம் அந்தம்மா புண்ணியம்" என்று சொல்லித் தொலைத்தான்.

அண்ணி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அப்ப இத்தனை வருஷமா நான் போட்டது விஷமா? இனிமே கண்டவ கையால சாப்பிட வேண்டாம்." மறுநாளே மூன்றடுக்கு டப்பா வேலைக்குக் கிளம்பியது. சோறு அடைத்து அடைத்து மூடியே சரியாக உட்காரவில்லை.

அளவு மறுபடி ஏறியது. பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. "அந்தப் பொம்பளை இன்னும் அவருக்கு எதையோ குடுக்குறா. என்னைக் கூட்டிட்டுப் போ" என்று அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆலை வாசலில் கெஞ்சி அவளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கினேன். சண்டையைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

சாப்பாட்டு நேரம். அண்ணன் கேன்டீன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். எங்களைக் கவனிக்கவில்லை. அண்ணி நேரே கரண்டியம்மாவிடம் போனாள்.

"என் வீட்டுக்காரருக்கு நீங்க ஏன் சாப்பாடு போடுறீங்க? நான்தான் டப்பா குடுத்து விடுறேனே!"

"டப்பாவா? இத்தனை அளந்து போட்டும் ஏன் ஏறுதுன்னு நான் தலைய பிச்சுக்கிட்டு இருக்கேன். எந்த டப்பா?"

திரும்பிப் பார்த்தோம். அண்ணன் கை கழுவிவிட்டு, பெஞ்சுக்கு அடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான். பின்னாலேயே போனோம். அவன் கிரேன் ஏணியில் ஏறினான். கூண்டுக்குள் உட்கார்ந்தான். மடியில் டப்பாவைத் திறந்தான்.

மிஷின்கள் நின்றிருந்த நேரம். அண்ணி போட்ட சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது: "ஏங்க! இறங்குங்க கீழ!"

வாய் நிறையச் சோற்றோடு இறங்கி வந்தான்.

"ரெண்டு சாப்பாடா சாப்பிடுறீங்க? தினமுமா?"

"அங்க சாப்பிடலைன்னா அளவு குறையாது, டாக்டர் கிரேன்ல ஏத்த மாட்டாரு. டப்பா அப்படியே திரும்பி வந்தா நீ அழுவ. நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றான்.

அண்ணி டப்பாவை வாங்கி மூடினாள். எனக்கே பாவமாகப் போய்விட்டது. பிறகு கரண்டியம்மாவின் முகத்தைப் பார்க்காமல், பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "மத்தியானம் நீங்களே போடுங்க. டப்பா வராது. ராத்திரிக்கு நான் எவ்வளவு சோறு போடணும்?"

கரண்டியம்மா உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். "இவ்வளவுதான். காய் நிறைய வைங்க."

கரண்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அகலமான கை அது. அண்ணி அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். "வீட்டுலயும் உங்க கை அளவுதானா?" என்று கேட்டாள்.

"என் கை எதுக்கும்மா? என் கை பெருசு, சோறு அதிகமாப் பிடிக்கும். உங்க கை சின்னதா இருக்கு. அவருக்கு அதுதான் சரியான அளவு."

அண்ணி தன் கையைக் குவித்துப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கேட்டீங்கல்ல? என் கை" என்றாள்.