மூச்சு எண்ணும் பெட்டி

எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவின் மூத்த நர்சுக்கு நாங்கள் வைத்த பெயர் ரோடு ரோலர். முகத்துக்கு நேரே அக்கா. இருபத்தாறு வருடமாகக் குழந்தைகளின் வயிற்றைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணி வருகிறவள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "மீதி அரை நிமிஷம் உங்கப்பனா வந்து மூச்சு விடுவான்?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவாள்.

அவள் தலையில்தான் அந்தப் பெட்டியைக் கட்டினார்கள். தொட்டிலுக்கு மேலே தொங்கிக்கொண்டு, தொடாமலே நெஞ்சின் அசைவை எண்ணும். குறைமாதக் குழந்தைக்கு ஒயரை ஒட்டிய பிளாஸ்திரியை உரித்தால் தோலும் சேர்ந்து வரும் என்பதால் எங்களுக்கு அது வரப்பிரசாதம். அக்கா மட்டும் உர்ரென்றிருந்தாள். கொண்டுவந்த இன்ஜினியர், "இனிமே நீங்க எண்ணவே வேணாம்க்கா" என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

அன்று காலை லிப்ட் பழுது. அக்கா நான்கு மாடி ஏறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து, மூன்றாம் தொட்டிலின் கம்பியைப் பிடித்து, பெட்டிக்கு அடியில் குனிந்து நின்றாள். மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டிய பெண் குழந்தை. ஒயர்களையெல்லாம் கழற்றியாயிற்று, பெட்டி மட்டும்தான் காவல். பெட்டியில் பச்சை எழுத்தில் நாற்பத்திரண்டு. பச்சிளம் குழந்தைக்குக் கச்சிதமான கணக்கு.

"பார்த்தீங்களா" என்றார், பெட்டியைச் சரிபார்க்க வந்திருந்த இன்ஜினியர்.

அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள். அது அசையவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினாள். பயத்தில் அவள் தன் மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். உடனே பெட்டி பூஜ்ஜியம் காட்டி, சிவந்து, கூவத் தொடங்கியது. அதுவரை அது எண்ணியது அவளுடைய மூச்சை. இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாவது முறை சுண்டியதும் குழந்தை வீறிட்டது. இவ்வளவு அழகான அழுகையை நான் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த தாய், சிவப்பு விளக்கையும் அழும் மகளையும் மாறி மாறிப் பார்த்து, பெட்டியை நோக்கிக் கைகூப்பினாள். "நல்லவேளை, இது கத்துச்சு."

அக்கா குழந்தையின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கும்பிடு தாயி, வேணாங்கல. நாலடி தள்ளி நின்னு கும்பிடு. கிட்ட வந்தா உன் மூச்சை எண்ணிட்டு, உன் புள்ள நல்லா இருக்குன்னு சொல்லிடும்."