பசை வாளியும் சட்டசபையும்

ஐம்பது வயதில் நடுத்தெருவில் நின்று போஸ்டர் பசை வாளிக்குள் மூக்கை நுழைத்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது; போஸ்டர் ஒட்டுகிறவர் வாளியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதித்த அதே வாசம்தான், தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், இப்போது கார்கள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் சங்கக் கொட்டகையில் என் சின்ன வயதில் நடந்த ஒரு தேர்தல் முழுக்க வீசியது. மூட்டை தூக்குகிறவர்களின் சங்கம் என் அப்பாவையே தூத்துக்குடித் தொகுதியில் சட்டசபைக்கு நிறுத்தியிருந்தது. கப்பல் வேலை முடிந்து, உப்பும் சிமெண்டும் படிந்த தோள்களோடு அத்தனை பேரும் வந்து குவிய, தகரக் கூரை அதிரக் கோஷம் எழும்ப, யாருடைய தோளிலோ உட்கார்ந்து நானும் தொண்டை கிழியக் கத்துவேன்; எதிராளிகள் இந்நேரம் மூட்டை கட்டியிருப்பார்கள் என்றே நம்பினேன்.

"அண்ணாச்சி, கோட்டைக்குப் போனதும் எங்கள மறந்துராதிய," என்பார்கள்.

"மறப்பனால?" என்பார் அப்பா, மந்திரியாகவே.

மூன்றாவது இடம்தான் கிடைத்தது. அவ்வளவு கூட்டமும் எங்கே போனது என்று அப்பா திகைத்து உட்கார்ந்திருக்க, அம்மா சோற்றைப் போட்டபடி சொன்னாள்: "கத்துனவங்க பூரா உடன்குடிக்காரங்களும் ஓட்டப்பிடாரத்துக்காரங்களும். அவங்களுக்கு ஓட்டு அங்கனல்லா இருக்கு."